கப்பலின் அடித்தட்டும் அறநோக்கும்

பாய்மரக் கப்பலைக் கரையில் நின்று நோக்குவோன் காண்பன பாயும் மேற்றட்டுமே. நீர்மட்டத்தின் கீழமைந்த தட்டுகள் அவன் கண்ணுக்குப் புலப்படா. அடிப்பாரக் கற்கள், குடிநீர்ப் பீப்பாய்கள், நங்கூர வடங்கள், விலைபோகும் சரக்குகள் யாவும் அங்கேதான் கிடந்தன. பாரம் கீழே தங்கினாலன்றிக் கப்பல் நிமிர்ந்து நில்லாது. போர்க்கப்பல்களிற் காயமுற்றோரைக் கிடத்திய இடமும் அதுவே. 1805இல் திரபல்கார்ப் போரிற் சுடப்பட்ட நெல்சன் உயிர்நீத்ததும் அத்தகைய அடித்தட்டொன்றிலேயாம். எனினும் அடித்தட்டின் வரலாறு எழுப்பும் வினா வேறு: ஓர் உயிர் எப்போது சரக்காகின்றது?

இவ்வினா வன்னி மண்ணுக்குப் புறம்பானதன்று. இத்தீவினர் யானைகளை ஏற்றுதற்கெனவே பெருங்கலங்கள் கட்டி, அவற்றைக் கலிங்க மன்னனுக்கு விற்றனர் என உரோமரான ஏலியன் எழுதியுள்ளார். போர்த்துக்கேயர்க்கும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்க்கும் வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். இன்றைய கிளிநொச்சி மாவட்டத்தின் வடபகுதியில், ஆழமற்ற கடனீரேரியினூடாக அவை குடாநாட்டுக்குள் ஓட்டிச் செல்லப்பட்டன. ஆனையிறவு என்ற பெயர் அதனால் வந்ததே. பின்னர் யாழ்ப்பாணத்தில் விலைபேசப்பட்டு ஊர்காவற்றுறையிற் கப்பலேறின.

கடல்நடுவே இறந்த யானை காசாகாது. ஆகவே அதற்கு நீரும் தழையும் அளித்தல் வணிகனுக்கே நலமாகும். இதனைக் கருணை எனலாமோ? விலையைப் பேணுதலும் உயிரைப் பேணுதலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். விலை வீழும்போதுதான் வேறுபாடு புலப்படும். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, சோழமண்டலக் கரைத் துறைகளில் ஆயிரக்கணக்கான மக்கள் விற்கப்பட்டனர். ஒல்லாந்தக் கப்பல்கள் அவர்களை இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் கொண்டுசென்றன. பசி மிகுந்த ஆண்டில் மனிதன் மலிவானான். யானை போன வழியே மனிதன் வந்தான், எதிர்த்திசையில்.

இடவசதியைச் சற்றுக் கூட்டினால் இக்கொடுமை தீர்ந்துவிடுமா? அத்திலாந்திக் கடலின் அடிமை வணிகத்தில் இக்கேள்வி பாராளுமன்றத்திற்கே வந்தது. 297 தொன் கொண்ட புரூக்ஸ் என்னும் லிவர்பூல் கப்பல் ஒருமுறை 609 பேரை ஏற்றியிருந்தது. 1788ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் கப்பலின் அளவுக்கேற்ப அத்தொகையை 454 ஆகக் குறைத்தது. சட்டம் இயற்றியோர் தீயர் அல்லர். அவர்கள் இயற்றிய சட்டத்தாற் பலர் உயிர் தப்பியிருக்கவும் கூடும். ஆயினும் 454 பேரைச் சரக்காகக் கொள்ளலாம் என்று ஒப்பியதும் அதே சட்டமே. ஆடவன் ஒருவனுக்கு ஆறடி நீளம், ஓரடி நான்கங்குல அகலம். அடிமை வணிகத்தை எதிர்த்தோர் புதிதாக எதனையும் புனையவில்லை. சட்டம் அனுமதித்த அளவின்படியே உடல்களை வரிசையாகக் கிடத்தி வரைந்து, அச்சிட்டு, வீடுதோறும் பரப்பினர். அடித்தட்டு முதன்முறையாகக் கரையில் நின்றோர் கண்ணுக்குத் தெரிந்தது. பிரித்தானியா அவ்வணிகத்தைத் தடைசெய்ய 1807 வரை சென்றது என்பதையும் மறத்தல் ஆகாது. கண்டவர் எல்லாரும் உடனே மனம் திரும்பிவிடவில்லை. அளவைப் பற்றியே மேலும் வாதிட்டோர் பலர்.

ஆனையிறவைப் புகைவண்டியிற் கடப்போர் அப்பெயர்ப்பலகையை இன்றும் வாசிக்கின்றனர். சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றிவரப்பட்ட மனிதரோ பெரும்பாலும் கணக்கேடுகளில் வெறுந்தொகையாகவே நிற்கின்றனர்.