கொலையாளியின் கைவண்ணம்

துப்பறியும் நாவல் என்றதும் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொலை செய்தவன் யார் என்ற ஒரே கேள்வியோடு தொடங்கி, விடை கிடைத்ததும் அது ஓய்ந்துவிடும் என்பதே காரணம். ஆயினும், அக்கேள்வியையே அறவிசாரணையாக உயர்த்தவல்ல நாவலும் உண்டு. துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக் 1998இல் வெளியிட்ட ‘என் பெயர் சிவப்பு’ அத்தகையது. ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் அது தமிழிலும் கிடைக்கிறது.

கதை நிகழ்வது 1591ஆம் ஆண்டு, இஸ்தான்புல் நகரில். மேனாட்டு ஓவியமுறை கலந்த நூலொன்றை இரகசியமாகத் தயாரிக்கும்படி சுல்தான் மூன்றாம் முராத் பணிக்கிறார். அந்நூலிற் பொன்வேலை செய்த கலைஞன் கொல்லப்பட்டுக் கிணற்றில் எறியப்படுகிறான். அவ்வேலை மதத்துக்கு விரோதமானதென அஞ்சிய அவன், அதனை மதவெறியரிடம் வெளிப்படுத்திவிடக்கூடும் என்பதே கொலைக்குக் காரணம். கொன்றவனோ அதே கூடத்தில் அவனோடு தொழில் பயின்ற ஓவியன். கூடத்தையும் தோழர்களையும் காக்கவே கொன்றதாக அவன் சாதிக்கிறான்.

குற்றவாளி யார்? சமுதாயப் பார்வை கொண்ட நாம் உடனே அரண்மனையைச் சுட்டுவோம். பொன்னும் அதனது, இரகசியமும் அதனது, மூன்று நாளில் கொலைஞன் அகப்படாவிடில் ஓவியர்களைச் சித்திரவதை செய்யத் துணியும் கொடுமையும் அதனது. அதிகாரத்தை அண்டிப் பிழைக்கும் கலைஞன் அச்சத்தையும் சேர்த்தே உண்கிறான். இது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. ஐயத்துக்குள்ளான ஏனைய இரு ஓவியரும் அதே பொன்னைப் பெற்றவர்கள். அதே அச்சத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் கொல்லவில்லை. சூழ்நிலை குற்றத்தை விளக்கும், குற்றவாளியை விடுவிக்காது. இவ்வேறுபாட்டை மறந்தால், நமது சமுதாய ஆய்வு தப்பித்துக்கொள்வோருக்கான நியாயமாகச் சிறுமையடையும்.

அவ்வோவியர் மரபில் தனிமனித முத்திரை ஒரு குறையாகவே கருதப்பட்டது. முன்னோர் வரைந்தவாறு வரைபவனே ஆசான். எனினும், பிணத்தோடு அகப்பட்ட தாளில் வரையப்பட்டிருந்த குதிரையின் மூக்குத்துளையே கொலைஞனைத் தேடுவோர்க்கு வழிகாட்டுகிறது. மரபுக்குப் பின்னே மறைந்து நிற்க முயன்றவனை அவனது கையே காட்டிக்கொடுக்கிறது. செயல் எவருடைய பெயரால் நிகழ்ந்தாலும் செய்த கை ஒருவனுடையதே.

நாவலின் முதல் அத்தியாயத்தில் கிணற்றின் ஆழத்திலிருந்து பேசுபவன் கொலையுண்டவன். வாசகர் முதலிற் கேட்கும் குரல் அவனுடையது என்பது சிந்திக்கத்தக்கது. கலை காக்கப்பட்டதா என்ற வாதம் பின்னரே வருகிறது. ஓர் உயிர் போயிற்று என்ற செய்தி முன்னே நிற்கிறது.

கலையின் பெயரால் மட்டுமன்று. மதத்தின் பெயரால், இனத்தின் பெயரால், நாம் போற்றும் இலட்சியங்களின் பெயராலும் ‘காக்கவே கொன்றோம்’ என்போர் உளர். நம் நாடும் அதை அறியும். அவர்கள் காத்தது எதுவென்று கேட்குமுன், கிணற்றுக்குள் எட்டிப்பார்ப்பது நமது கடமையாகும்.