மருத்துவத்தின் நான்காவது பங்கு

மும்பையில் தமிழர்கள் மிகுந்து வாழும் மாதுங்கா, செம்பூர், தாராவிப் பகுதிகளில் ஆன்மிகச் சொற்பொழிவு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஓரிருவர் மட்டும் தயங்கி நிற்பதுண்டு. கழற்றிய செருப்பைத் தேடுவதுபோலப் பொழுதைப் போக்கி, கடைசி மனிதரும் சென்ற பின்னரே அருகில் வருவார்கள். ‘சுவாமிஜி, எனக்கு இந்த நோய் வந்தது நான் செய்த பாவத்தின் பலனா?’ என்று கேட்பார்கள். நோயின் பெயரை அவர்கள் சொல்வதில்லை; நாமும் கேட்பதில்லை. சிலரது விஷயத்தில் அது எச்.ஐ.வி. என்பது பேச்சின் போக்கில் விளங்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: ‘நான் இனி வாழத்தான் வேண்டுமா?’

முதல் கேள்விக்கு நாம் சொல்லும் விடை இரண்டாவது கேள்விக்கும் விடையாகிவிடக் கூடும். ஆதலால் சற்று நின்று சிந்திப்பது நம் கடமை.

வினைக்கொள்கை யாருக்காக?

இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடங்கள் உண்டு. வினைக்கொள்கை தன்மையில் பேசுவதற்கு உரியது. ‘என் வாழ்வுக்கு நானே பொறுப்பு, இன்று நல்லதை விதைத்தால் நாளை நல்லது விளையும்’ என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது அது ஊன்றுகோல். ‘இது உன் வினை, அனுபவி’ என்று துன்பப்படுபவனை நோக்கிச் சொல்லும்போது அதே கோல் அடிக்கும் தடியாகிவிடுகிறது. பிறரது வினைக்கணக்கைப் படிக்கும் அதிகாரத்தை நமக்கு யாரும் தரவில்லை.

கிருமி நல்லவர், தீயவர் என்று பார்த்து வருவதில்லை. கணவனிடமிருந்து மனைவிக்கும், தாயிடமிருந்து குழந்தைக்கும், சரிவரப் பரிசோதிக்கப்படாத இரத்தத்தின் வழியாகவும் அது பரவியிருக்கிறது. இதைக் கேட்டதும், ‘அப்படியானால் ஒரு பாவமும் அறியாதவர்களுக்கு இரங்குவோம்’ என்று சிலர் முன்வருவார்கள். அந்தப் பாகுபாடும் தவறே. தவறி நடந்து நோயுற்றவரும் நோயாளிதான். தீயில் கை வைத்தவனுக்கு முதலில் மருந்திடுகிறோம். ஏன் கை வைத்தாய் என்ற விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பதில்லை.

மருந்து வந்த பின்னும் ஏன்?

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் 1986-ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. அன்று இந்நோய்க்கு மருந்தே இல்லை. 1985-இல் நியூயார்க் நகரில் எய்ட்ஸ் நோயுற்ற ஆண்களிடையே நிகழ்ந்த தற்கொலைகளைப் பற்றிய ஆய்வொன்று 1988-இல் வெளிவந்தது. நோயற்ற அதே வயது ஆண்களைவிட அவர்களிடையே தற்கொலை ஏறத்தாழ 36 மடங்கு என்று அது கண்டது. மரண பயமே காரணம் என்று அன்று எண்ணியதில் வியப்பில்லை.

பின்னர் நிலைமை மாறியது. 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியது. 2004 ஏப்ரல் முதல் நம் அரசு அதனை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தொடக்க மையங்களுள் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் ஒன்று. இன்று முறையாக மருந்துண்பவர் ஏறக்குறைய இயல்பான ஆயுளை எதிர்பார்க்கலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், தாம்பத்திய உறவின் மூலம் துணைக்கு அது பரவுவதில்லை என்பதும் உறுதியாகியிருக்கிறது. உடன் உண்பதாலும் கைகோத்து நடப்பதாலும் அது என்றுமே பரவியதில்லை.

இருந்தும், சுவிட்சர்லாந்தில் பல்லாண்டுகள் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஓர் உண்மையைக் காட்டியது. கூட்டு மருந்து வந்த பின் நோயாளிகளிடையே தற்கொலை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பிற மக்களின் அளவுக்கு இறங்கவில்லை. மாத்திரை எட்டாத ஏதோ ஒன்று எஞ்சி நிற்கிறது. மனச்சோர்வு அதில் ஒரு பகுதி. அது தனியே சிகிச்சை பெற வேண்டிய, சிகிச்சையால் தணியக்கூடிய நோய். மற்றொரு பகுதி, நாம் உண்டாக்கும் வெட்கம்.

ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் உறங்கும் தாராவி வீட்டில் மாத்திரைப் புட்டியை எங்கே ஒளிப்பது? தாராவியை ஒட்டியே சயான் மருத்துவமனை இருக்கிறது. ஆயினும் வரிசையில் ஊர்க்காரர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சி, இரண்டு ரயில் மாறித் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்வோர் உண்டு. மும்பையில் கசிந்த செய்தி மறுநாளே திருநெல்வேலிச் சீமையைச் சென்றடையும். தங்கையின் கல்யாணம் நின்றுபோகும் என்ற அச்சம் வேறு. தற்கொலையைத் தனிமனிதனின் மனக்குழப்பமாக மட்டும் காணாமல், அவனைச் சமூகத்தோடு பிணைக்கும் கட்டுகளின் வலிமையோடு தொடர்புபடுத்திப் பார்த்தார் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம். 1897-இல் அவர் எழுதியதை இந்த மாத்திரைப் புட்டி நமக்கு விளக்கிவிடுகிறது.

பெயரை மறைத்து வென்றவர்

மும்பை உயர் நீதிமன்றத்தில் 1997-இல் ஒரு வழக்கு முடிவுற்றது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்ததால் வேலை மறுக்கப்பட்டது. அவர் உடலோ வேலைக்குத் தகுதியாகவே இருந்தது. வேலை செய்யும் திறனுள்ளவரை, பிறருக்கு ஆபத்து விளைவிக்காதவரை, கிருமி இருப்பதை மட்டும் காட்டி ஒருவருக்கு வேலையை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த மனிதரின் பெயர் என்ன? ‘எம்.எக்ஸ்.’ என்ற இரண்டு எழுத்துகளையே சட்ட நூல்கள் தருகின்றன. சொந்தப் பெயரை மறைத்து வழக்காட நீதிமன்றம் அவருக்கு அனுமதி அளித்திருந்தது. நீதிமன்றத்தின் கருணை அது. ஆனால் அந்தக் கருணை ஏன் தேவைப்பட்டது? உரிமையை வென்ற பிறகும் தம் பெயரோடு தெருவில் நடக்க அவர் அஞ்ச வேண்டியிருந்தது. அவர் அஞ்சியது கிருமியையா, நம்மையா?

இன்று சட்டம் மேலும் தெளிவாக இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது. அதே 2017-இன் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்கிறது. அவரைப் பேணுவது அரசின் கடமை என்கிறது. ஆனால் ஒருவரோடு ஒரே பந்தியில் அமரும்படி எந்தச் சட்டமும் நமக்கு ஆணையிட முடியாது.

உடனிருப்பவர்

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்குகளாகக் கண்டார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து தொண்டு செய்பவர். 2023-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், மாநிலங்களுள் மகாராஷ்டிரத்திலேயே எண்ணிக்கை மிகுதி. மருத்துவர் இருக்கிறார், மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நான்காவது பங்குதான் பல வீடுகளில் காலியாக இருக்கிறது. அதை நிரப்பப் பட்டப்படிப்பு தேவையில்லை.

நோய் தெரிந்த முதல் சில வாரங்களும் மாதங்களும் மிக நெருக்கடியானவை. அப்போது நோயாளியைத் தனியே விடாதீர்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று கனிவோடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்ல ஆள் கிடைத்த நிம்மதியே உண்டாகும். அவர் பேசும்போது உபதேசம் செய்யாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூடவே செல்லுங்கள். வாழ்க்கைத் துணைக்கு உண்மையைச் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. ஆலோசகரின் துணையோடு அதை நிறைவேற்ற உதவுங்கள். மற்றவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் அவரது உரிமை. அவசர வேளையில் அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097 என்ற எண் உண்டு.

கூட்டம் கலைந்த பின் தயங்கி நின்றவரிடம் மீண்டும் வருவோம். ‘இது என் பாவத்தின் பலனா?’ என்று கேட்கும் ஒருவருக்கு உரிய விடை தத்துவ நூல்களில் இல்லை. ‘வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம்’ என்று அவரை அழைத்து, அருகில் இலை போட்டு அமர்த்துங்கள். அவர் கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்விக்கு அந்த இலையே விடை சொல்லத் தொடங்கிவிடும்.