தேதியைத் திருத்தலாமா?

கோலாலம்பூரில் ஒரு சட்ட உதவி மையத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை மொழிபெயர்ப்பாளராக உட்காருகிறேன். சம்பளம் கிடையாது. படிப்பது மெக்கானிக்கல் பொறியியல், மூன்றாம் ஆண்டு. தமிழ் பேசத் தெரியும், ஆங்கிலம் எழுதத் தெரியும், அவ்வளவுதான் என் தகுதி. இலங்கையிலிருந்து வந்து அகதி நிலை கேட்பவர்கள் சொல்வதை நான் வழக்கறிஞருக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். அவர் அதை வாக்குமூலமாக எழுதுவார். அது ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குப் போகும்.

நம் நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. குடிநுழைவுச் சட்டத்தின் பார்வையில் அகதியும் கள்ளத்தனமாக நுழைந்தவரும் ஒன்றுதான். 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆணையத்தின் அட்டைதான் இவர்களுக்கு ஒரே பிடிமானம். அதுவும் கெட்டியில்லை. 2014 மே மாதம், ஆணையத்தில் பதிந்திருந்த மூன்று ஈழத்தமிழர்களையே திருப்பி அனுப்பினார்கள்.

முதல் நாளே மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். "ஆமிக்காரரோட கதைச்சனான்" என்றார் ஒருவர். நம்ம பெடாஸ் தோட்டத்துல 'கதை விடுறான்'னா பொய் சொல்றான்னு அர்த்தம். நல்லவேளை, திரும்பக் கேட்டேன். 'பேசினேன்' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் வந்த சிக்கல் அப்படிச் சுலபமாகத் தீரவில்லை. யார், எந்த ஊர் என்று எழுதக் கூடாது. ஓர் அண்ணன், தன்னைப் பிடித்துக்கொண்டு போன மாதத்தைப் பதிவு செய்தபோது ஒன்றாகவும், எங்களிடம் வேறாகவும் சொல்லிவிட்டார். வழக்கறிஞர் போன் பேச வெளியே போன நேரம், மெதுவாகச் சொன்னார்: "தம்பி, முதல்ல சொன்ன மாதத்தையே போட்டு விடுங்கோ. பிழை வந்தால் என்னை அனுப்பிப் போடுவாங்கள்."

ஒரே ஒரு சொல். மாற்றினால் யாருக்கும் தெரியாது. அவர் பட்டது பொய்யில்லை என்று எனக்கு நிச்சயம். லேப் ரிப்போர்ட்ல ரீடிங் ஒத்துவரலன்னா நாம சரிக்கட்டாததா?

குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவரே சொல்கிறார். ஆனால் அந்தக் 'குற்றமில்லாத' என்ற நிபந்தனையில்தான் நான் நின்றுவிட்டேன். அது குற்றமில்லாத நன்மைதான் என்று அந்த நிமிடத்தில் எனக்கு எப்படித் தெரியும்?

என் பாட்டி பெடாஸ் பக்கம் பால்மரம் வெட்டியவர். சின்ன வயசுன்னா வேலை தரமாட்டாங்களேன்னு, அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணி இரண்டு வயதைக் கூட்டி எழுதிக் கொடுத்தாராம். நல்ல மனசுதான், பாட்டி இன்றும் அவரைத் திட்டுவதில்லை. பிறகு குடியுரிமைக்கு மனு போட்டபோது பள்ளிப் பதிவும் அந்தத் தாளும் ஒத்துப்போகவில்லை. பாட்டிக்கு இன்னும் சிவப்பு ஐசிதான்.

பேசுகிறவர்கள் பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் நடந்த கொடுமைகளைப் பற்றி 1995-இல் அறிக்கை வெளியிட்ட ஐரின் பெர்னாண்டஸ் மீது வந்த குற்றச்சாட்டே 'பொய்ச் செய்தி' என்பதுதான். 2003-இல் 12 மாதச் சிறைத் தண்டனை. 2008-இல்தான் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்காக நான் திருத்தும் மாதம், பின்னால் வருகிறவர்களின் உண்மையையும் சந்தேகத்துக்குள் தள்ளாதா?

"அண்ணா, என்னால மாத்த முடியாது. குழப்பமா இருக்குன்னு வக்கீல்கிட்ட நீங்களே சொல்லுங்க, அதை அப்படியே சொல்றேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னார்.

வழக்கறிஞர் பதறவில்லை. எந்த மாதம் என்று கேட்பதை விட்டுவிட்டு, அதற்கு முன் எங்கே இருந்தீர்கள், அங்கே எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் நாட்காட்டி பார்த்து வாழ்ந்த காலமில்லை அது. எந்த ஊருக்கு இடம்பெயர்ந்தோம் என்பதை வைத்துத்தான் எண்ணியிருக்கிறார். இரண்டு மாதங்களையும், முரண்பாட்டின் காரணத்தையும் வாக்குமூலத்தில் சேர்த்தார்கள். உண்மையாக முயன்றும் எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாதவருக்குச் சந்தேகத்தின் பலனைத் தரலாம் என்று ஆணையத்தின் கையேட்டிலேயே இருக்கிறதாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

முடிவு இன்னும் வரவில்லை. நிராகரித்துவிட்டார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தால், பாட்டியின் சிவப்பு ஐசி எனக்கு எந்தச் சமாதானமும் தராது. போன சனிக்கிழமை அண்ணன் மையத்துக்கு வந்திருந்தார். "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.