ஜீப் எத்தனை மணிக்கு?

ஃபார்ம்.டி. ஆறாம் வருஷத்துக்குள் நுழையப் போகிற தம்பிகளே, தங்கச்சிகளே, லாக் புக்கைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அதை நிரப்புகிற வித்தையை உங்களில் சிலருக்கு சீனியர்கள் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். போன வருஷத்துக்காரர் எழுதிய கேஸ் ஃபார்மை வாங்கி, வயதில் நாலைக் கூட்டி, ஆணைப் பெண்ணாக்கி, பெட் நம்பரை மாற்றினால் ஒரு நோயாளி தயார். பிரஷர் 150/90 என்று போட்டுவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. மாதக் கடைசியில் ஒரு கையெழுத்து, ஒரு சீல். பன்னிரண்டு மாதத்தையும் இப்படியே ஓட்டிவிட்டு, நடுவில் வேலைக்கான கோச்சிங்கையும் முடித்துக்கொள்ளலாம்.

செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் டிப்ளமோ படித்த பார்மசிஸ்ட். கம்பம் பள்ளத்தாக்கில் கம்பி வலைக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கை நுழைகிற அளவுக்கு வலையில் ஓர் அரைவட்ட ஓட்டை இருக்கும். சனத்தை நான் முகமாகப் பார்த்தது குறைவு, ஓ.பி. சீட்டு பிடித்த கைகளாகத்தான் பார்த்திருக்கிறேன். ஏலக்காய் எடுத்து நகக்கண் கறுத்துப்போன கை. பன்னீர்த் திராட்சைக்கு மருந்தடித்து, மயில்துத்தத்தின் நீலம் ரேகைக்குள் ஏறிய கை. வரிசை வெளியே வேப்பமரம் வரை நிற்கும். ஒரு சீட்டுக்கு அரை நிமிஷம். மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டு, "காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கை வந்துவிடும்.

அப்படி ஒரு கைக்கு இரண்டு வருஷம் கிளிபென்கிளமைடு கொடுத்தேன். சர்க்கரைக்கு அப்போது சாதாரணமாகக் கொடுத்த மாத்திரை. ரத்தச் சர்க்கரையை வெகுநேரம் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த அம்மா கம்பம்மெட்டு வழியாக மலைக்குக் காய் எடுக்கப் போகிறவர். ஒருநாள் தோட்டத்தில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறிச் சரிந்துவிட்டார். கூட வேலை செய்தவர்களில் ஒருத்தி, வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ளவள் போலிருக்கிறது, முழுதாக மயங்குவதற்குள் சீனித் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறாள். பிழைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஓட்டைக்குள் குனிந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க சொன்னபடிதான சார் சாப்பிட்டேன்."

சொன்னபடிதான் சாப்பிட்டிருக்கிறார். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, சோறு பொங்கித் தூக்குவாளியில் கட்டி, கடுங்காப்பியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜீப் ஏறுவார். தூக்குவாளியைத் திறப்பது மலையில் பத்து மணிக்கு. நான் சொன்ன அரை மணி நேரம் அங்கே ஐந்தரை மணி நேரமாகிவிட்டது. மாத்திரை சரி, அளவு சரி, டாக்டர் எழுதியது சரி. யாரும் ஒரு கேள்வியைத்தான் கேட்கவில்லை: ஜீப் எத்தனை மணிக்கு?

அதைக் கேட்கிற ஆளாக உங்களை ஆக்குவதற்குத்தான் அந்த ஓராண்டு. 2008இல் இந்திய மருந்தியல் கவுன்சில் ஃபார்ம்.டி. படிப்பைக் கொண்டுவந்தபோது, ஐந்தாண்டு படித்த பிறகு ஆறாம் ஆண்டு முழுக்க ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியது. பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். பி.ஃபார்ம். முடித்துவிட்டு மூன்றாண்டு ஃபார்ம்.டி. சேருகிறவர்களுக்கும் கடைசி ஆண்டு இதுதான். உங்களுக்குக் கொடுத்த வார்டில் மருந்து சார்ந்த பணியை நீங்களே பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும் என்பது விதியின் எதிர்பார்ப்பு. ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதற்கு அதில் இடமில்லை.

அமெரிக்காவில் இது பழைய கதை. 1927இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஹார்வி விட்னி என்ற தலைமை மருந்தாளுநர் இப்படியொரு பயிற்சியைத் தொடங்கினார். இன்று அங்கே பட்டம் வாங்கிய பிறகு முதலாண்டு ரெசிடென்சி, விரும்பினால் சிறப்புத் துறையில் இரண்டாமாண்டு என்று படி மேல் படி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் பட்டத்துக்குப் பிறகு அப்படியொரு படி பரவலாகக் கிடையாது. இதே ஓராண்டுதான் நமக்கு முதலும் கடைசியும். இதையும் ஜெராக்ஸ் கடையில் முடித்துவிட்டால் பிறகு எங்கே போய்க் கற்பீர்கள்?

அந்த வருஷத்தை ஒழுங்காக வாழ்ந்த ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். என் மச்சானை அட்மிட் பண்ணியிருந்த வார்டில் பக்கத்து பெட் பெரியவருக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தது. கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேஸ் ஷீட்டைத் தொடவே இல்லை. "தாத்தா, அந்த மஞ்சப்பையக் கொடுங்க" என்றாள். பெரியவர் தயங்கினார், பையில் வெற்றிலையும் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் போர்வை மேல் கொட்டினாள். வீடு தேடி வந்து கொடுத்த அம்லோடிபின் ஒரு பக்கம். மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்தபோது தனியார் டாக்டர் எழுதிய ஸ்டாம்லோ இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே மருந்து. அட்டையின் நிறமும் பெயரும்தான் வேறு. இரட்டை அளவில் உள்ளே போனதில் கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு யாரோ லாசிக்ஸ் எழுத, மூன்றாவதாக அதுவும் சேர்ந்துவிட்டது. ஒரு மருந்தின் தொல்லையைப் புது நோயாக எண்ணி அதற்கொரு மருந்து! பத்து நிமிஷத்தில் அவள் அதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டினாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு இரண்டை அடித்தார். அவ்வளவுதான், வார்டு அதன் பாட்டுக்கு இருந்தது. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. முப்பது வருஷத்தில் ஒரு மஞ்சப்பையைக்கூட நான் அவிழ்த்துப் பார்த்ததில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் மஞ்சப்பைகள் கனத்துக்கொண்டே போகின்றன. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம், கை எடுத்துக் கும்பிடலாம். ஆனால் அதே ஆள் குமுளியில் ஒரு டாக்டரைப் பார்க்கிறார், போடியில் ஒருவரைப் பார்க்கிறார், முடியாமல் போனால் க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு வருகிறார், அங்கிருந்து மதுரைக்கும் போகிறார். நாலு இடத்துச் சீட்டும் ஒரே பைக்குள்தான் கிடக்கிறது. அதை மொத்தமாகப் பார்க்க ஒருவர் வேண்டும்.

பார்ப்பதற்கும் கண் பழக வேண்டும். இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. இது பாடத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். வீட்டிலோ, பேரன் மதுரையிலிருந்து வாங்கி வந்த 100 யூனிட் குப்பியில் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சை விட்டு, வழக்கம்போல 20ஆம் கோடு வரை இழுப்பார்கள். அந்தக் கோடு அரை மில்லி. உள்ளே போவது 50 யூனிட். டிஸ்சார்ஜ் அன்று, "நீங்களே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்க பாட்டி" என்று கையில் கொடுத்துப் பார்த்தவருக்குத்தான் இது தெரியவரும்.

அதற்காக முதல் வாரத்திலேயே மேதாவியாகிவிடாதீர்கள். வயலில் பாம்பு கடித்த சிறுவனைத் தூக்கி வருவார்கள். குழந்தைக்கு மருந்தளவைக் குறைக்க வேண்டும் என்று ஐந்து வருஷம் படித்த உங்கள் வாய் துடிக்கும். விஷமுறிவு மருந்தில் அந்தக் கணக்கு செல்லாது. பெரியவருக்குத் தொடக்கத்தில் பத்துக் குப்பி என்றால் பையனுக்கும் பத்துதான்; ஆள் சின்னவன் என்று பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. பேச வேண்டிய இடமும் பேசாமல் கற்க வேண்டிய இடமும் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கும்.

பேச வேண்டிய இடத்தில் பேசுங்கள், பயந்தாலும் பேசுங்கள். "நீங்க எழுதினது தப்பு" என்று ஆரம்பித்தால் எந்த டாக்டரும் காது கொடுக்க மாட்டார். "சார், இவருக்குக் கிரியேட்டினின் 2.8 வந்திருக்கு, மெட்ஃபார்மின் ஓடிட்டிருக்கு" என்று எண்ணைச் சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். சில நாள் கத்துவார். கத்தினாலும் சார்ட்டை ஒருமுறை திரும்பப் பார்ப்பார். நோயாளிக்கு அது போதும். சிஸ்டர்களோடு சண்டை போடாதீர்கள். எந்தப் பெட்டில் மாத்திரை தலையணைக்கு அடியில் போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மாத்திரையால் உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் பாவம் என்று சொல்லி நகராமல், மருந்து எதிர்விளைவுப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். 1800-180-3024 என்ற இலவச எண் அதற்காகவே இருக்கிறது.

"எல்லாம் சரிண்ணே, படிச்சு முடிச்சா எங்களுக்குன்னு போஸ்டிங் எங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். டிப்ளமோ படித்த நானும் ஆறு வருஷம் படித்த நீங்களும் அதே மருந்தாளுநர் பணிக்கு வரிசையில் நிற்கிறோம். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போன காசில் ஃபீஸ் கட்டியவர்கள் இதைக் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. மனுக் கொடுங்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் நில்லுங்கள், கூப்பிட்டால் நானும் வருகிறேன். ஆனால் அந்தக் கோபத்தைப் பதினாலாம் நம்பர் பெட்டில் காட்டாதீர்கள். அந்த ஆளா உங்கள் பதவியை நிறுத்தி வைத்திருக்கிறார்?

கையெழுத்துப் போடுகிற ஆசிரியர்களிடமும் ஒரு வார்த்தை. கேஸ் ஃபார்மைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பெட்டுக்கு நடந்து போங்கள். அங்கே அப்படியொரு ஆள் இருந்தால் பேனாவைத் திறங்கள். டாக்டர்மார்களே, ரவுண்ட்ஸில் இந்தப் பிள்ளைகளுக்கு நிற்க ஓரடி இடம் விடுங்கள். நிற்பதோடு விடாமல், நாளைக்கு ஒரு கேள்வியாவது அவர்களைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி நடத்துகிற முதலாளிமார்களே, பயிற்சிக்கு வந்தவர்களைச் சம்பளமில்லாத பில்லிங் ஆளாக உட்கார வைக்காதீர்கள். மருந்தைப் பற்றி நோயாளியிடம் விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று மருந்தியல் கவுன்சிலின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. அந்தப் பேச்சைப் பழகத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள்.

தம்பிகளே, தங்கச்சிகளே, போஸ்டிங் தொடங்க இன்னும் சில நாள் இருக்கும். அதில் ஒரு விடியலை எனக்காகச் செலவழியுங்கள். கம்பத்திலோ போடியிலோ தேவாரத்திலோ மலைக்கு ஜீப் ஏறுகிற முக்கில் ஐந்து மணிக்குப் போய் நில்லுங்கள். குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வருவார்கள், கையில் தூக்குவாளி இருக்கும். டிரைவர் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் வாயில் போடுவாள். கிட்டப் போய், "அக்கா, சோறு எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டு, அவள் சொல்கிற நேரத்தை உங்கள் லாக் புக்கின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.