முதல் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்புவது?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



இந்த வாரம் ஒருநாள் இஷா தொழுகை முடிந்த பிறகு ஒரு பிள்ளை என்னிடம் வந்தான். 18 வயது நிறைந்துவிட்டது. பிளஸ் டூ முடித்துவிட்டு கல்லூரியில் சேரக் காத்திருக்கிறான். அவனுடைய அப்பா பல வருடம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். முதுகுவலி வந்து இப்போது வீட்டில் இருக்கிறார். "ஹஜ்ரத், திங்கட்கிழமை எனக்கு இன்டர்வியூ. ஹைவேயில இருக்கிற ஃபாஸ்ட்ஃபுட் கடையில. துஆ செய்யுங்க" என்றான். செய்தேன். ஆனால் அவன் போகாமல் அப்படியே நின்றான்.

"வேற என்ன பேட்டா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் ஹோட்டல்ல வேலை பார்த்த அனுபவம் இருக்குன்னு சொல்லணும்னு என் ஃபிரண்டு சொல்றான். காலேஜுக்குப் போகப்போறேன்னு சொல்லவே கூடாதாம். ரெண்டும் பொய்தானே ஹஜ்ரத்? ஆனா சொல்லலைன்னா வேலை கிடைக்காதே?"

அவனிடம் சொன்ன பதிலை, அவனுடைய அனுமதியோடு இன்று உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன். இது ஒரு பிள்ளையின் கேள்வி மட்டும் அல்ல.

சகோதரர்களே! வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீளும் நம்முடைய தோல் தொழில் பகுதியில், நம் தகப்பன்மார்களில் பெரும்பாலோர் இன்டர்வியூவுக்குப் போய் வேலையில் சேரவில்லை. மாமாவோ பெரியப்பாவோ டேனரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். மேஸ்திரி ஏற இறங்கப் பார்ப்பார். "யார் மகன்?" என்பார். பெயரைச் சொன்னதும், "நாளைக்கு வரச் சொல்லு" என்பார். அவ்வளவுதான். பிள்ளைக்காகக் குடும்பம் சாட்சி சொன்னது. இன்று அவன் முன்பின் தெரியாத ஒரு மேனேஜர் முன்னால் தனியாக உட்காருகிறான். அவனுக்கு அவனே சாட்சி. சாட்சி என்றால் அதில் பொய் கலக்கலாமா என்பதுதான் கேள்வி.

நான் அவனிடம் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். ஸூரத்துல் கஸஸில் அல்லாஹ் அதை விரிவாகச் சொல்கிறான். மூஸா (அலை) மத்யனுக்கு வந்தபோது வேலையும் இல்லை, வீடும் இல்லை. கிணற்றருகே மக்கள் கூட்டமாகத் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். தகப்பனார் வயோதிகர். அந்தப் பெண்களுக்காக மூஸா (அலை) தண்ணீர் காட்டிக் கொடுத்தார்கள். கூலி கேட்கவில்லை. நிழலில் போய் உட்கார்ந்து, தம் தேவையை அல்லாஹ்விடம் மட்டும் சொன்னார்கள்.

பிறகு அந்தப் பெண்களில் ஒருவர் வந்து தகப்பனார் அழைப்பதாகச் சொன்னார். மூஸா (அலை) அந்தப் பெரியவர் முன்னால் போய் என்ன செய்தார்கள்? தமக்கு நடந்தது அனைத்தையும் எடுத்துச் சொன்னார்கள் என்கிறது குர்ஆன். என்ன நடந்தது? அவர்கள் கையால் ஒரு மனிதர் இறந்துபோயிருக்கிறார். ஃபிர்அவ்னின் ஆட்கள் தேடுகிறார்கள். வேலை தேடி நிற்கும் ஒருவர் மறைக்க நினைக்கக்கூடிய விஷயம் இதைவிடப் பெரிதாக வேறு என்ன இருக்க முடியும்? அதைத்தான் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். பெரியவர் பயப்படாதே என்று ஆறுதல் சொன்னார். அதன் பிறகுதான் அந்தப் பெண், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இவர் வலிமை உள்ளவர், நம்பிக்கைக்குரியவர் என்று பரிந்துரைக்கிறார்.

இதில் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, மூஸா (அலை) அவர்களின் தகுதி தெரிந்தது கிணற்றடியில். அப்போது யாரும் அவர்களை வேலைக்கு வைத்திருக்கவில்லை. நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்: "அனுபவம் இல்லைன்னு ஏன் சொல்றே? ரமளான் முழுக்க இந்தப் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி ஊத்தினது யாரு? வரிசை கலையாம பார்த்துக்கிட்டது யாரு? கடைசியில அண்டாவைக் கழுவி வெச்சது யாரு? அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இதெல்லாம் சொல்லலாமா ஹஜ்ரத்? பெருமை ஆயிடாதா?" என்றான்.

ஆகாது. யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் அரசரிடம், களஞ்சியப் பொறுப்பை என்னிடம் தாருங்கள், நான் பாதுகாக்கவும் தெரிந்தவன், விஷயமும் அறிந்தவன் என்ற பொருளில் தாமே சொன்னார்கள். தேவையான இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வது பெருமை ஆகாது. இல்லாததைச் சொல்வதுதான் குற்றம்.

இரண்டாவது பாடம் கஷ்டமானது. நமக்குப் பாதகமான உண்மையையும் சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். தானியம் நனைந்தது அவர் குற்றம் அல்ல. அதை அடியில் வைத்ததுதான் குற்றம். கல்லூரிக்குப் போவது ஒரு பிள்ளையின் குற்றமா? இல்லை. அதை மறைத்து, வருடக்கணக்கில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போவதுதான் குற்றம்.

தோல் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தோலில் இருக்கும் தழும்பை ஃபினிஷிங்கில் மூடிவிடலாம். மேஜையில் விரித்துப் பார்த்தால் தெரியாது. ஷூ செய்யும்போது லாஸ்டில் ஏற்றி இழுத்தால் தெரிந்துவிடும். வாயால் சொன்ன ஒரு வருட அனுபவமும் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தெரிந்துவிடும்.

நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அரபிக் கல்லூரி முடித்து முதன்முதலாக இமாமத் கேட்டுப் போனபோது ஒரு பள்ளிவாசல் கமிட்டியார் என்னிடம், "தராவீஹில் முழுக் குர்ஆனும் ஓதிவிடுவீர்களா?" என்று கேட்டார்கள். சில ஜுஸ்உகள் எனக்குப் பலவீனமாக இருந்தன. "இன்ஷா அல்லாஹ், பிரச்சினை இல்லை" என்றேன். அந்த ரமளானில் ஒருநாள் இரவு ஒரே ரக்அத்தில் நான்கு முறை எனக்கு லுக்மா கொடுக்க வேண்டி வந்தது. எடுத்துக் கொடுத்தவர் ஒரு சின்னப் பையன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அன்று முதல் கமிட்டியார் எதைக் கேட்டாலும் இரண்டு முறை கேட்டார்கள். நான் இழந்தது அவர்களுடைய நம்பிக்கையை.

சிலர் கேட்பீர்கள்: "முதலாளிகள் மட்டும் உண்மையா பேசுறாங்க? எட்டு மணி நேரம்னு சொல்லி பதினோரு மணி நேரம் வேலை வாங்குறாங்களே?" உண்மைதான், நடக்கிறது. அது அவர்கள் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. அவர் பொய் சொன்னார் என்பது என்னுடைய பொய்யை ஹலால் ஆக்காது. அதற்காகப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதும் இல்லை. மத்யனின் பெரியவர் காலத்தைத் தெளிவாகப் பேசினார்: 8 வருடம் கட்டாயம், 10 ஆக்கினால் அது உன் விருப்பம். பிள்ளையும் அப்படிப் பேசட்டும். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், வார விடுமுறை எப்போது என்று மரியாதையாகக் கேட்கட்டும். சமையலறையில் ஹராமான பொருள் கையாளப்படுகிறதா என்று கேட்கட்டும். ஜும்ஆ நேரம் கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும். "வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கொடுங்க சார், அதை வேறு நாளில் சேர்த்துப் பார்த்துடறேன்" என்று சேருவதற்கு முன்பே சொல்லட்டும். சேர்ந்த பிறகு சொல்லாமல் நழுவி வருவது சரியில்லை.

பெற்றோர்களே! "என் மகன் டேபிள் துடைக்கிறதா?" என்று கூச்சப்படாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் கூலிக்கு மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்தார்கள். கூச்சப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. 16 வயதுப் பிள்ளையை 18 என்று சொல்லி வேலையில் சேர்ப்பதற்குக் கூச்சப்படுங்கள். 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களைத் தோல் பதனிடுவது போன்ற ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. மற்ற வேலைகளிலும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வைக்கக் கூடாது. வயதைக் கூட்டிச் சொல்லும் தகப்பன், தன் பிள்ளைக்கு இருக்கும் பாதுகாப்பைத் தானே பிடுங்கிக்கொள்கிறான்.

கம்பெனியும் கடையும் நடத்தும் சகோதரர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்து, "அனுபவம் இல்லை, மூன்று மாதம்தான் இருப்பேன், கற்றுக்கொள்கிறேன்" என்று உண்மையைச் சொல்கிறான். நீங்கள் அவனை அனுப்பிவிட்டு, அழகாகப் பொய் சொன்னவனை எடுத்துக்கொள்கிறீர்கள். அடுத்த இன்டர்வியூவில் அவன் என்ன பேச வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மூஸா (அலை) சொன்ன உண்மையைக் கேட்டு ஆறுதல் சொன்ன பெரியவரும் அந்த வரலாற்றில் இருக்கிறார். அவர் இடத்தில் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உண்மை சொன்னால் திங்கட்கிழமை வேலை கிடைத்துவிடும் என்று அந்தப் பிள்ளைக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. கிடைக்காமலும் போகலாம். அதை அவனிடம் நேராகவே சொன்னேன். "ஆனா ரிஸ்க் கொடுக்கிறவன் அந்த மேனேஜர் இல்லை, பேட்டா. அந்தக் கடை போனா இன்னொரு வாசல் இருக்கு. முதல் சம்பளத்தை உன் அப்பா கையில கொடுக்கும்போது, இது எப்படி வந்ததுன்னு நீ மறைக்க வேண்டிய எதுவும் அதுல இருக்கக் கூடாது" என்றேன். நகம் வெட்டிக்கொள், சட்டையை இஸ்திரி போட்டுக்கொள், கால் மணி நேரம் முன்னதாகப் போ, செல்போனை அணைத்து வை, உளூவோடு போ என்றும் சொல்லி அனுப்பினேன்.

அல்லாஹ் சுப்ஹானஹு வதஆலா அந்தப் பிள்ளைக்கும், வேலை தேடி நிற்கும் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் ஹலாலான ரிஸ்க்கை விசாலமாக்கித் தருவானாக! அவர்களின் நாவில் உண்மையை நிலைக்கச் செய்வானாக! அந்த உண்மையை மதிக்கும் முதலாளிகளாக நம்மை ஆக்குவானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.