எதிரியின் சட்டத்தரணி

2015 மே 13 ஆம் திகதி காலை பாடசாலைக்குப் புறப்பட்ட புங்குடுதீவு மாணவி வீடு திரும்பவில்லை. மறுநாள் அவளது உடல் கண்டெடுக்கப்பட்டது. கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டிருந்தாள். அதற்குப் பிந்திய ஒரு வாரம் குடாநாடு எப்படிக் கொதித்தது என்பதை இங்கிருந்தவர்கள் அறிவார்கள். பிள்ளைகள் சீருடையுடன் வீதிக்கு வந்தார்கள். 20 ஆம் திகதி ஹர்த்தால். யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதியின் மீதே கற்கள் விழுந்தன. நூற்றுக்கும் அதிகமானோர் கைதானார்கள். அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணச் சட்டத்தரணிகள், சந்தேக நபர்களுக்காகத் தாங்கள் மன்றில் தோன்றப் போவதில்லை என்று அறிவித்தார்கள்.

ஊர் அதை மெச்சியது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் அதற்கு எதிராக ஒரு சொல் எழவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் அந்த நேரத்தில் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஆனாலும் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. "சேர், ஒருவரும் கதைக்காட்டி அவங்கள்தான் செய்தவங்கள் எண்டு எப்பிடித் தெரியும்?"

யாழ்ப்பாணத்தானுக்கும் சட்டத்தரணிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. அரையடி வேலிக்காக அரை ஆயுள் வழக்காடியவர்கள் நாங்கள். அப்புக்காத்துமாரும் பிறக்கிராசிமாரும் (1973 ஆம் ஆண்டுச் சட்டம் இருவரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது) எங்கள் பனங்காணிகளில் வளர்ந்தவர்கள் என்று பகிடி சொல்வார்கள். மகளுக்கு அப்புக்காத்து மாப்பிள்ளை தேடிய அதே வாயால், பொய்யை மெய்யாக்குகிறவன் என்று அவரைத் திட்டவும் செய்வோம். யாழ்ப்பாணத்து முஸ்லிம் சட்ட அறிஞர் என்றதும் இந்த இதழின் வாசகர்களுக்கு எம். சி. அப்துல் காதர் அவர்கள் நினைவுக்கு வரக்கூடும். 1905 இல் துருக்கித் தொப்பியைக் கழற்றாமல் உயர் நீதிமன்றத்தை விட்டு வெளியேறியவர். அது ஒரு சட்டத்தரணி தன் மனச்சாட்சிக்காக மன்றுடன் மோதிய கதை. இங்கே கேள்வி வேறு. தன் மனச்சாட்சி வெறுக்கின்ற ஒருவனுக்காக மன்றில் எழுந்து நிற்கும் கடமை சட்டத்தரணிக்கு உண்டா?

சட்டம் ஓரளவு தெளிவாகவே பேசுகின்றது. குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் நேரிலோ சட்டத்தரணி மூலமோ நியாயமான விளக்கத்தில் கேட்கப்பட உரித்துடையவர் என்கின்றது அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை. உயர் நீதிமன்றம் 1988 இல் ஆக்கிய சட்டத்தரணிகளின் நடத்தை விதிகளின்படி, உரிய கட்டணத்துடன் வருபவரைச் சட்டத்தரணி பொதுவாக மறுக்கலாகாது. விசேட காரணங்களுக்கு விலக்கு உண்டு. கொலையுண்டவர் என் உறவினர், இந்த வழக்கில் என் மனம் நேராக நிற்காது என்று ஒருவர் விலகினால் அதை விளங்கிக்கொள்ளலாம். எல்லோருமாகச் சேர்ந்து விலகுவது அப்படிப்பட்டதன்று. தனியொருவர் விலகினால் அடுத்த கதவைத் தட்டலாம். கூட்டாக விலகினால் தட்டுவதற்குக் கதவே இல்லை. கோயம்புத்தூரில் பொலிஸாருக்கும் சட்டத்தரணிகளுக்கும் இடையே நடந்த மோதலையடுத்து, குறித்த பொலிஸாருக்காக எவரும் தோன்றக்கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானித்தது. முகம்மது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2010 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் சட்டத்தின் முன் செல்லாதவை என்று கூறியது.

புங்குடுதீவு வழக்கு 2017 இல் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்றின் முன் யாழ்ப்பாணத்தில் விளங்கப்பட்டது. எதிரிகளுக்காகச் சட்டத்தரணிகள் தோன்றினார்கள். (எங்கள் நீதிமன்றத் தமிழ் குற்றஞ்சாட்டப்பட்டவரை எதிரி என்றே அழைக்கின்றது. அந்தச் சொல்லை ஆக்கியவர் பொதுசனத்தின் மனத்தை நன்கு அறிந்திருந்தார் போலும்.) செப்டெம்பர் 27 இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது எதிரிகளில் ஏழு பேருக்கு மரண தண்டனை. இரண்டு பேர் விடுதலை.

தீர்ப்பைக் கொண்டாடியபோது அந்த இரண்டு பேரைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. 2015 மே மாதத்துக் கூட்டத்தின் கையில் கிடைத்திருந்தால் ஒன்பது பேருக்கும் ஒரே முடிவுதான். தப்பியது சட்டத்தரணியின் திறமையால் மட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நீதிபதிகள் சாட்சியத்தை ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆனால் அப்படிப் பிரித்துப் பார்க்கும்படி ஒவ்வோர் எதிரிக்காகவும் கேட்பதற்கு ஒருவர் வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில் மார்க்கம் அறிந்த நண்பர் ஒருவர் என்னை மறித்தார். மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று சூரத்துன் நிஸா தடுக்கின்றதே, அப்படியானால் சட்டத்தரணிகள் செய்தது சரிதானே என்றார். லேசில் தட்டிவிடக்கூடிய கேள்வியன்று. அந்த வசனங்கள் (4:105 முதல்) இறங்கிய சந்தர்ப்பத்தை விரிவுரையாளர்கள் இப்படிச் சொல்கிறார்கள்: துஃமா என்பவன் அயலவரின் கவசத்தைத் திருடினான். அகப்படும் நிலை வந்ததும் அதை ஒரு யூதரின் வீட்டில் சேர்ப்பித்துப் பழியை அவர்மேல் போட்டான். துஃமாவின் கோத்திரத்தார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தம்மவனுக்காக வாதாடினார்கள். பொருள் யூதரின் வீட்டில் இருந்தது. வெளித்தோற்றத்தில் சாட்சியம் அவருக்கே எதிர். வந்து நின்றவர்களோ முஸ்லிம்கள். வசனங்கள் இறங்கி அந்த யூதரைக் காத்தன.

அந்தச் சபையில் ஆதரவற்று நின்றவர் யார் என்று பாருங்கள். அவருக்காகப் பேச மதீனாவில் ஒரு கோத்திரம் திரண்டு வரவில்லை. கூட்டம் முழுவதும் மற்றப் பக்கத்தில் நின்றது. அங்கே கண்டிக்கப்பட்ட வாதம், உண்மையை மறைத்து, நம்மவன் என்பதற்காக, செய்த குற்றத்தை நிரபராதியின் தலையில் ஏற்றிய வாதம். அந்த ஏற்றுதலைத் தனியாகவும் எடுத்துக் கண்டிக்கின்றது 112 ஆவது வசனம். குற்றஞ்சாட்டப்பட்டவன் சொல்வதைக் கேட்காதே என்ற பொருளை அதிலிருந்து எடுக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. அலி (ரழி) அவர்களை யெமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, முதலாமவரிடம் கேட்டது போல இரண்டாமவரிடமும் கேட்கும்வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என்றே நபியவர்கள் அறிவுறுத்தியதாக ஹதீஸ் உண்டு.

ஆகவே சட்டத்தரணி எல்லை தாண்டும் இடம், யாருக்காக நிற்கிறார் என்பதைவிட எப்படி நிற்கிறார் என்பதில்தான் அதிகம் இருக்கின்றது. 1840 இல் லண்டனில் வில்லியம் ரஸ்ஸல் பிரபுவைக் கொன்றதாக அவரது வேலையாள் கூர்வாசியே மீது வழக்கு. விளக்கத்தின் நடுவிலேயே, கொன்றது நானே என்று அவன் தன் சட்டத்தரணி சார்ல்ஸ் பிலிப்ஸிடம் சொல்லிவிட்டான். ஆனால் குற்றத்தை மன்றில் ஒப்புக்கொள்ள மறுத்தான். பிலிப்ஸ் விலகவில்லை. ஒரு நீதிபதியின் ஆலோசனையைப் பெற்றுத் தொடர்ந்து வாதாடினார். சாட்சியத்தின் ஓட்டைகளைக் காட்டியதோடு நிற்காமல், பொலிஸார் மீதும் வீட்டுப் பணிப்பெண் மீதும் சந்தேகத்தைத் திருப்பினார் என்பதே அவர்மேல் விழுந்த பழி. கூர்வாசியே தூக்கிலிடப்பட்டான். பிலிப்ஸ் பல ஆண்டுகள் தன் நடத்தைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். முதற்பாதி அவரது கடமை என்பேன். பணிப்பெண் மீது கை நீண்டிருந்தால், அங்கே அவர் துஃமாவின் கோத்திரத்தாருடன் போய்ச் சேர்கிறார்.

இதையெல்லாம் சிறுபான்மையினரான நாம் மற்றவர்களைவிட எளிதாக விளங்கிக்கொள்ள வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட தமிழ் இளைஞர்களுக்காகத் தோன்றிய குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5 இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 மே மாதம் குருநாகல் மருத்துவர் ஷாபி கைதானபோது நாடே அவருக்குத் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. அவருக்காகவும் சட்டத்தரணிகள் எழுந்து நின்றார்கள், ஜூலையில் பிணை கிடைத்தது. நிறுத்தப்பட்ட சம்பளம் 2022 இல் கைக்கு வந்தபோது அதை அவர் மருந்து வாங்குவதற்கே கொடுத்துவிட்டார். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரல் 14 இல் கைதாகி, பிணையில் வெளிவர 2022 பெப்ரவரி ஆயிற்று. மற்றவர்களுக்காக மன்றேறியவர், தனக்காக ஒருவர் மன்றேறும்வரை காத்திருந்தார்.

கொழும்பில் இருந்துகொண்டு இதை எழுதுவது சுலபம். யாழ்ப்பாணத்தில் எதிரிக்காகத் தோன்றும் இளம் சட்டத்தரணி மாலையில் அதே ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அதே சந்தையில்தான் மீன் வாங்க வேண்டும். அவரது பிள்ளையும் எங்கள் பாடசாலையில்தான் படிக்கின்றது. அவர் பயப்பட்டால் அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சங்கம் என்ற ஒன்று இருப்பதே இந்தப் பயத்தைப் பகிர்ந்துகொள்ளத்தானே? நாங்கள் தோன்றமாட்டோம் என்று அறிவிப்பதற்குப் பதிலாக, முறை வைத்து மூத்தவர் ஒருவரை அனுப்பி, அவர் சங்கத்தின் பெயராலேயே செல்கிறார் என்று பத்திரிகைக்கு ஓர் அறிக்கை கொடுத்திருக்கலாம். அந்த ஆண்டு என் வகுப்பில் இருந்தவர்களில் இரண்டு பேர் பின்னர் சட்டம் படிக்கப் போனார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவர்களில் ஒருவன்.