கண்ணில்லாத துவக்கு

இராமாயணத்தில் தசரதன் தன் அந்திமக் காலத்தில் நினைத்து நினைத்து அழும் குற்றம் ஒன்று உண்டு. இளமையில் அவன் ஓசையைக் கொண்டே இலக்கை வீழ்த்தும் வித்தையில் தேர்ந்தவன். இருட்டில், ஆற்றங்கரையில், குடத்தில் நீர் நிறையும் ஒலியை யானை நீர் பருகும் ஒலியென எண்ணி அம்பை விட்டான். வீழ்ந்தது யானையன்று, கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் மொள்ள வந்த பிள்ளை. அம்பு குறி தப்பவில்லை. வில்லாளனின் திறமையிலும் குறைவில்லை. பின் பிழை எங்கே? காணாததை எய்தான், அதுவே பிழை.

வேட்டையை அனுமதிக்கும் நாடுகளில் இளைஞருக்குக் கற்பிக்கப்படும் பாதுகாப்புப் பாடத்தின் சாரமும் இதுதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1949இலேயே இளம் வேட்டைக்காரருக்கு இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. எந்தத் துவக்கையும் குண்டு நிரம்பியதாகவே கருது. இலக்கை ஐயமறக் கண்டபின் அன்றி விசையைத் தொடாதே. இலக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் அறிந்துகொள். இவை கைத்திறனைப் பற்றிய விதிகள் போலத் தோன்றினும், உண்மையில் அறத்தைப் பற்றிய விதிகளே.

இந்த அளவுகோலுடன் மாத்தளை மாவட்டத்துக்கு வருவோம். நக்கிள்ஸ் மலையடிவாரச் சேனைகளிலும் தோட்டப்புறத்து மரக்கறிப் பாத்திகளிலும் காட்டுப்பன்றி ஓரிரவில் ஒரு போகத்தையே அழித்துவிடும். அதைத் தடுக்கச் சிலர் இரவில் காவல் இருக்கிறார்கள். சிலர் கட்டுத் துவக்கைக் கட்டிவிட்டு உறங்கப் போகிறார்கள். பன்றியின் உயரத்துக்குக் குழாயைச் சாய்த்து, பாதையின் குறுக்கே கம்பியை இழுத்து விட்டால் போதும். வருவது எதுவாயினும் வெடிக்கும். விறகுக்குப் போகும் பெண்ணின் காலையும் தோழனைத் தேடி வரும் சிறுவனின் காலையும் அந்தக் கம்பி வேறுபடுத்தி அறியாது. சுருக்குக் கம்பியும் அத்தகையதே. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அகப்பட்ட அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாட்களில் மாண்டது.

தசரதன் காதாலாவது கேட்டான். கட்டுத் துவக்குக்குக் காதுமில்லை, கண்ணுமில்லை. அது வெடிக்கும் வேளையில் அதைக் கட்டியவன் உறங்கிக்கொண்டிருக்கிறான். கொலைக்கும் கொன்றவனுக்கும் இடையே ஒரு கம்பியின் தூரம் ஏற்பட்டதும், பொறுப்பு என்பதே காட்டில் தொலைந்துபோகிறது.

ஆயினும், அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாமா? பகலெல்லாம் உழைத்தவன் இரவெல்லாம் விழித்திருக்க முடியாது. இம்மண்ணில் துவக்கின் வரலாறும் ஏழைக்கு எதிரானதே. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துவக்குக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் வரி விதித்தான். நாய்க்கும் கடைக்கும் கூட வரி வந்தது. பயிரைக் காக்கும் கருவிக்கே வரியா என்ற குமுறலும் சேர்ந்துதான் மாத்தளைக் கிளர்ச்சியாக வெடித்தது. புரன் அப்பு அதே ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டான். அதற்குச் சற்று முன்புதான், மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளை அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவன் என்று புகழப்பட்டான். அவன் கண்டுதான் சுட்டான், குறியும் தப்பவில்லை. எனவே, காண்பது மட்டும் போதாது; கண்டதை ஏன் கொல்கிறோம் என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

"கொல்லவே கூடாது என்று போதிப்பதை விட்டு, கொல்லும் முறையைக் கற்பிப்பதா?" என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான விலங்குகளை வேட்டையிலிருந்து காக்கிறது, அது அவசியமானது. ஆனால் பசியும் அச்சமும் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. கற்பிக்க மறுப்பதால் கொலை நிற்பதில்லை. அது கண்ணுக்கு மறைவான இடத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவே.

ஆகவே நம் இளைஞருக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம், கட்டியதை அவிழ்ப்பது. பரணில் முறைவைத்துக் கூட்டாகக் காவல் இருப்பது இரண்டாவது. ஐயம் எழுந்த கணத்தில் குழலைத் தாழ்த்துவது மூன்றாவது. திறமையின் சிகரமும் அதுவே. இதைக் கற்றுக்கொள்ளும்படி உழவனைக் கேட்கும் அரசு, வேலிக்கும் பயிரிழப்புக்கும் தன் பங்கைத் தந்தாக வேண்டும். விளைச்சலை உண்பவர்கள் நாமெல்லாரும். இரவுக் காவலை மட்டும் அவன் ஒருவன் தலையில் சுமத்திவிட்டு, அவன் கட்டிய கம்பியைப் பார்த்து நாம் அறம் பேசுவது அறமாகாது.